லெபாராவா, வோடஃபோனா? ஒரே கோபுரத்துக்கு இரண்டு விலை

பெரிய நிறுவனத்தின் சிம் அட்டை என்றால் சிக்னல் நன்றாகக் கிடைக்கும், லெபாரா போன்ற மலிவான சிம் என்றால் அரைகுறையாகத்தான் கிடைக்கும் என்ற எண்ணம் பிரித்தானியாவில் வாழும் தமிழர்களிடையே இன்றும் வலுவாக இருக்கிறது. இதை நம்பி, வீட்டில் நான்கு பேருக்கும் நான்கு ஒப்பந்தங்கள் எடுத்து, தேவையைக் காட்டிலும் இரண்டு மூன்று மடங்கு பணத்தை மாதந்தோறும் கட்டிவரும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். வோடஃபோன் சிம் ஒன்றையும் லெபாரா சிம் ஒன்றையும் இரட்டை சிம் வசதியுள்ள ஒரே கைபேசியில் போட்டுக்கொண்டு, இலண்டனிலும் அதற்கு வெளியிலும் சில மாதங்கள் பயன்படுத்திப் பார்த்தேன். இரண்டு நிறுவனங்களின் விதிமுறைகளையும் வரி விடாமல் படித்தேன்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். லெபாராவுக்கென்று இந்த நாட்டில் ஒரு கோபுரம்கூடக் கிடையாது. அது வோடஃபோனின் வலையமைப்பில் மொத்த விலைக்கு இடம் வாங்கி, அதைத் தன் பெயரில் சில்லறையாக விற்கிறது. பிரித்தானியாவில் இந்த வணிகமுறை 1999இல் வெர்ஜின் மொபைலுடன் தொடங்கியது. இப்போது டெஸ்கோ மொபைல், ஸ்கை மொபைல், கிஃப்காஃப் ஆகிய மூன்றும் ஓ2வின் கோபுரங்களிலும், ஸ்மார்ட்டியும் ஐடி மொபைலும் த்ரீயின் கோபுரங்களிலும் ஓடுகின்றன. வோடஃபோனின் கோபுரங்களை லெபாராவைத் தவிர வாக்ஸி, டாக்மொபைல், ஆஸ்டா மொபைல் ஆகியவையும் பயன்படுத்துகின்றன. ஆகவே, லெபாராவுக்கு சிக்னல் கிடைக்குமா என்று தனியாகக் கேட்பதில் பொருளில்லை. உங்கள் வீட்டில் வோடஃபோனுக்கு சிக்னல் கிடைக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டு நிறுவனங்களின் பின்னணியும் வேறு வேறு. நியூபரி நகரில் வேர்விட்ட வோடஃபோனின் வலையமைப்பில்தான் 1985 ஜனவரி 1ஆம் நாள் பிரித்தானியாவின் முதல் கைபேசி அழைப்பு நடந்தது. லெபாரா 2001இல் இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்ட மூவரால் தொடங்கப்பட்டது. ஊருக்குப் பேசுவதற்கான அழைப்பு அட்டைகளை விற்று வளர்ந்த நிறுவனம் அது. சுரண்டி எண்ணைப் பார்த்து, நீண்ட இலக்கங்களை அழுத்தி, யாழ்ப்பாணத்துக்கோ திருச்சிக்கோ பேசிய தலைமுறைக்கு அந்த அட்டைகளின் அருமை தெரியும். அந்த நினைவில் லெபாராவை நம்முடைய நிறுவனம் என்று உரிமையோடு சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால், நிறுவனர்கள் அதை 2017இலேயே பால்மேரியம் என்ற சுவிஸ் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். எனவே, உணர்வை ஒருபுறம் வைத்துவிட்டு, கொடுக்கும் காசுக்குக் கிடைக்கும் சேவையை மட்டும் பார்த்து முடிவெடுப்பதே முறை.

சிக்னலைப் பொறுத்தவரை, கைபேசியின் மேல்மூலையில் அருகருகே நிற்கும் இரண்டு சிக்னல் குறிகளே போதிய சான்று. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் நடக்கும்போதும், வெம்பிளி ஈலிங் ரோட்டில் நகைக்கடைகளுக்கு இடையே நிற்கும்போதும், இரண்டு குறிகளும் ஒன்றாக ஏறி ஒன்றாகவே இறங்கின. பழைய விக்டோரியா காலத்துச் செங்கல் வீடுகளின் பின்னறைக்குள் நுழைந்தால் இரண்டும் ஒருசேர ஒரு கோடு குறைந்தன. அது தடித்த சுவரின் வேலை. எந்த சிம் ஆனாலும் அதற்குத் தப்ப முடியாது. கைபேசியைப் பொறுத்து இரு குறிகளுக்கும் சில நொடி வேறுபாடு இருக்கலாம். அதைத் தவிர, ஒன்றுக்குக் கிடைத்து மற்றொன்றுக்குக் கிடைக்காத இடம் என்று ஒன்றைக்கூட நான் காணவில்லை.

சுரங்க இரயிலிலும் இதே நிலைதான். வெஸ்ட்மின்ஸ்டர் முதல் கானிங் டவுன் வரையிலான ஜூப்ளி பாதையில் 2020இல் முதன்முதலாக 4ஜி வந்தபோது, அது வலையமைப்பை உடைய பெரிய நிறுவனங்களின் வழியாகவே வந்தது. அவற்றின் கோபுரத்தில் ஓடும் மலிவுச் சேவைகளுக்கும் அது தானாகவே கிடைத்துவிட்டது. இப்போது எலிசபெத் பாதையிலும் மற்ற பல பாதைகளிலும் நிலத்தடியில் இணைப்பு கிடைக்கிறது. நான் பயணித்த இடங்களில் லெபாராவும் வோடஃபோனும் அங்கே ஒன்றுபோலவே வேலை செய்தன.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். ஒரே கோபுரத்தைப் பயன்படுத்தினாலும், எல்லா வாடிக்கையாளரையும் அந்தக் கோபுரம் சமமாக நடத்த வேண்டும் என்ற கட்டாயம் தொழில்நுட்பத்தில் இல்லை. 4ஜி வலையமைப்பில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முன்னுரிமை வகுப்பு உண்டு. குரல் அழைப்புக்கு முதல் வகுப்பு, சாதாரண இணையப் பயன்பாட்டுக்குக் கடைசி வகுப்புகள். அந்தக் கடைசி வகுப்புகளுக்குள்ளும் ஒன்றை மற்றொன்றுக்கு முன்னால் வைக்கலாம். கூட்டம் இல்லாத நேரத்தில் இந்த வரிசைக்கு எந்த வேலையும் இல்லை. எல்லோருக்கும் முழு வேகம் கிடைக்கும். கால்பந்து ஆட்டம் முடிந்து பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் கைபேசியைத் திறக்கும்போதுதான், யார் முன்னால் யார் பின்னால் என்பது தெரியவரும். அமெரிக்காவில் சில நிறுவனங்கள், நெரிசல் நேரத்தில் மலிவுத் திட்டத்தாருக்கு வேகம் குறையலாம் என்று தங்கள் விதிமுறைகளிலேயே எழுதிவைத்திருக்கின்றன. லெபாராவையும் வோடஃபோனையும் அருகருகே வைத்துப் பார்த்ததில், மாலை நேர இரயில் நிலையங்களிலும் திருவிழாக் கூட்டத்திலும்கூட அன்றாட வேலைக்குத் தடையாகும் அளவுக்கு எந்த வேறுபாடும் எனக்குத் தென்படவில்லை. வாட்ஸ்அப் காணொளி அழைப்பு, வரைபடம், பாட்டு, வங்கிச் செயலி ஆகியவையே நம் பயன்பாட்டில் பெரும்பகுதி. அவை இரண்டிலும் ஒரே மாதிரிதான் நடந்தன.

5ஜி லெபாராவின் திட்டங்களிலும் கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆனால் வோடஃபோன் 2023 ஜூனில் தொடங்கிய 5ஜி அல்ட்ரா என்பது வேறு. சாதாரண 5ஜி அடிப்படையில் 4ஜியின் முதுகில் ஏறிச் செல்வது. அல்ட்ராவோ 4ஜியைச் சாராமல் தனித்து நிற்கும் 5ஜி. இத்தகைய புதிய வசதிகளை வலையமைப்பின் உரிமையாளர் தன் நேரடி வாடிக்கையாளருக்கே முதலில் கொடுப்பார். இணையத்தில் நிகழ்நேர விளையாட்டு ஆடுபவருக்கும், கைபேசியையே வீட்டு இணைய இணைப்பாகப் பயன்படுத்துபவருக்கும் இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடாக இருக்கலாம். மற்றவர்கள் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

குரல் அழைப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வோடஃபோன் தன் 3ஜி சேவையை 2024இன் தொடக்கத்தில் முழுவதுமாக நிறுத்திவிட்டது. அதற்கு முன்பு, 4ஜி வழியாகப் பேசும் வசதி இல்லாத கைபேசிகள் அழைப்பு வந்தவுடன் 3ஜிக்கு இறங்கிக்கொள்ளும். இப்போது இறங்குவதற்கு 2ஜி மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அதுவும் 2033க்குள் பிரித்தானியாவில் முடிவுக்கு வரும். எங்கள் மாமியின் பழைய கைபேசி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பேச்சு நடக்கும்போது மேலே 4ஜி என்ற எழுத்து மறைந்து, இணையம் நின்று, பேசி முடித்தபின் மெல்லத் திரும்பி வரும். சிம் மட்டம் என்றே மாமி நினைத்திருந்தார். அதே சிம்மை 4ஜி அழைப்பு வசதியுள்ள மற்றொரு கைபேசியில் போட்டவுடன் அந்தத் தொல்லை மறைந்துவிட்டது. லெபாராவிலும் 4ஜி அழைப்பும் வை-ஃபை அழைப்பும் உண்டு. ஆனால் அவை எல்லா வகைக் கைபேசிகளிலும் இயங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊரிலிருந்து வாங்கி வந்த கைபேசியோ, சந்தையில் அதிகம் விற்காத ஒரு தயாரிப்போ உங்களிடம் இருந்தால், எண்ணை மாற்றுவதற்கு முன் முப்பது நாள் சிம் ஒன்றை வாங்கிப் போட்டு, இந்த இரண்டு வசதிகளும் இயங்குகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். நிலவறை வீட்டிலும் தடித்த சுவருக்குள்ளும் வாழ்பவர்களுக்கு வை-ஃபை அழைப்பு ஒன்றுதான் சிக்னல் குறையைத் தீர்க்கும் வழி.

இனி விலை. வோடஃபோனில் கைபேசியில்லாத சிம் மட்டும் திட்டங்களில் ஒரு மாதத்துக்குக் கொடுக்கும் பணத்தில், லெபாராவில் ஏறத்தாழ அதே அளவு டேட்டாவுடன் இரண்டு பேர் இணைப்பு வைத்துக்கொள்ளலாம். சலுகைக் காலத்தில் மூன்று பேர்கூட வைத்துக்கொள்ளலாம். லெபாரா தன் முதல் சில மாதங்களை மிகக் குறைந்த விலைக்கு விற்பது வழக்கம். ஆகவே விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் விலையைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், சலுகை முடிந்தபின் கட்ட வேண்டிய விலையைத் தேடிப் படித்து, ஓராண்டுக்கு மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போட வேண்டும். விலை ஒப்பீட்டுத் தளங்கள் வழியாக வாங்கினால், அதே திட்டம் நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தைவிடக் குறைந்த விலைக்குக் கிடைப்பதும் உண்டு.

விலையேற்றத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. வோடஃபோன் போன்ற பெரிய நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் நடுவிலேயே ஆண்டுதோறும் ஏப்ரலில் கட்டணத்தை உயர்த்துகின்றன. முன்பெல்லாம் இந்த உயர்வு பணவீக்க விழுக்காட்டோடு இன்னும் சில விழுக்காடு சேர்த்துக் கணக்கிடப்பட்டது. அதனால் வாங்கும் நேரத்தில் அடுத்த ஆண்டு எவ்வளவு கட்ட வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை இருந்தது. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் இதைத் தடைசெய்து, 2025 ஜனவரி 17 முதல் போடப்படும் ஒப்பந்தங்களில் உயர்வை பவுண்டு, பென்ஸ் கணக்கில் முன்கூட்டியே எழுத வேண்டும் என்று விதித்தது. வோடஃபோன் அதற்கு முன்பே, 2024 ஜூலையில், மாதத்துக்கு 1.80 பவுண்டு என்ற நிலையான உயர்வுக்கு மாறியிருந்தது. அதிக விலைத் திட்டத்துக்கு இது சிறு தொகையாகத் தெரியலாம். ஆனால் பன்னிரண்டு பவுண்டுத் திட்டம் எடுத்தவருக்கு ஒரே ஆண்டில் பதினைந்து விழுக்காடு உயர்வு என்பதை நினைத்துப் பாருங்கள். குறைவாக வாங்குபவரின் மீதுதான் இந்த முறையின் சுமை அதிகம் விழுகிறது. லெபாராவில் முப்பது நாள் திட்டம் எடுத்தவருக்கு இந்தக் கவலையே இல்லை. விலை பிடிக்காவிட்டால் அடுத்த மாதமே வேறிடம் போய்விடலாம்.

கைபேசியையும் சேர்த்து ஒப்பந்தத்தில் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. வோடஃபோன் 2021 முதல் கைபேசிக்கான தவணையையும் இணைப்புக்கான கட்டணத்தையும் தனித்தனியாகப் பிரித்துத் தருகிறது. இது நேர்மையான ஏற்பாடு. கைபேசிக் கடன் முடிந்தால் அந்தத் தொகை தானாகவே நின்றுவிடும். ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகக் கட்டும் பழைய முறை ஒப்பந்தங்களில், கைபேசியின் விலை முழுவதும் தீர்ந்த பின்னரும் அதே தொகையைக் கட்டிக்கொண்டிருக்கும் நிலை ஏற்படுகிறது. ஒப்பந்தம் முடியும்போது வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2020 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுபவர்களே அதிகம். பெற்றோர் பெயரில் இணைப்பு வாங்கிக் கொடுத்திருக்கும் பிள்ளைகள் இந்த ஒன்றையாவது அவர்களுக்காகப் பார்த்துச் சொல்ல வேண்டும். எந்த நிறுவனமாக இருந்தாலும், 85075 என்ற எண்ணுக்கு இன்ஃபோ என்ற சொல்லை ஆங்கிலத்தில் அனுப்பினால், ஒப்பந்தத்தை முறித்தால் ஏதேனும் கட்ட வேண்டுமா என்ற விவரம் பதிலாக வந்துவிடும்.

புதிதாக இந்த நாட்டுக்கு வருபவர்களுக்கு லெபாராவின் உண்மையான பயன் விலையைவிட வேறொன்றில் இருக்கிறது. செப்டம்பரில் படிக்க வரும் மாணவர்களிடம் இங்கே எந்தக் கடன் வரலாறும் இருக்காது. பெரிய நிறுவனங்களின் மாத ஒப்பந்தத்துக்குக் கடன் தகுதிச் சோதனை தேவை. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு மாணவர், ஒரு பெரிய நிறுவனம் தன் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டதாகச் சொல்லி, “வேற வழி இருக்காண்ணா?” என்று என்னிடம் கேட்டார். அருகிலிருந்த மளிகைக் கடைக்கு அழைத்துச் சென்றேன். கல்லாவுக்குப் பின்னால், பாக்கு பொட்டலங்களுக்கும் தீப்பெட்டிகளுக்கும் மேலே, சிம் உறைகள் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கடைக்கார அக்கா ஒன்றைக் கிழித்துக் கொடுத்து, பணம் வாங்கி, எண்கள் அச்சிட்ட சீட்டை நீட்டினார். வங்கிக் கணக்கோ முகவரிச் சான்றோ யாரும் கேட்கவில்லை. கடையை விட்டு வெளியே வருவதற்குள் அந்த மாணவர் வீட்டுக்குப் பேசத் தொடங்கிவிட்டார். வோடஃபோனிலும் முன்பணம் கட்டிப் பேசும் சிம் உண்டு, அதற்கும் சோதனை கிடையாது. ஆனால் குறைந்த விலை மாத ஒப்பந்தம் அதற்குப் பொருந்தாது. லெபாராவின் முப்பது நாள் திட்டத்திலோ, புதிதாக வந்தவருக்கும் முப்பது ஆண்டுகளாக இங்கே வாழ்பவருக்கும் ஒரே விலைதான்.

வெளிநாட்டுப் பயணத்தில்தான் மலிவுச் சேவை வலையமைப்பின் உரிமையாளரை வெளிப்படையாக முந்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா வெளியேறிய பிறகு, வோடஃபோன் 2022 ஜனவரி 31 முதல் புதிய வாடிக்கையாளர்களின் ஐரோப்பிய ரோமிங்குக்கு நாள் கட்டணம் வாங்கத் தொடங்கியது. அயர்லாந்துக்கு அந்தக் கட்டணம் இல்லை. உயர்விலைத் திட்டங்களில் ரோமிங் சேர்ந்தே வருகிறது. மற்றவர்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் கட்ட வேண்டும். பாரிஸ் லா சப்பல் பகுதியில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு நான்கு பேர் ஒரு வாரம் போனால், அந்த நாள் கட்டணம் மட்டுமே லெபாராவின் சில மாதச் செலவுக்குச் சமமாகிவிடும். லெபாராவோ ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் திட்டத்தின் டேட்டாவையே 30 ஜிபி வரை பயன்படுத்த விடுகிறது. அதைவிட வியப்பானது, இந்தியாவையும் அதே பட்டியலில் சேர்த்திருப்பது. சென்னை விமான நிலையத்தில் இறங்கி, ஆதார் இல்லாமல் உள்ளூர் சிம் வாங்க அலைந்தவர்களுக்கு இதன் மதிப்பு நன்றாகவே தெரியும். மாதம் பத்து பவுண்டுக்கும் குறைவான ஒரு திட்டத்தில் இப்படியொரு வசதியைப் பெரிய நிறுவனம் எதுவும் எனக்குத் தெரிந்து தரவில்லை.

இருப்பினும் இரண்டு எச்சரிக்கைகள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. சூரிச்சிலும் பேர்னிலும் நம் உறவினர்கள் ஏராளமாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஐரோப்பா என்ற சொல்லை மட்டும் நம்பிப் போகாமல், புறப்படும் முன் நாட்டுப் பட்டியலில் சுவிஸ் இருக்கிறதா என்று எந்த நிறுவனமானாலும் பார்த்துவிட வேண்டும். பாசல், ஜெனீவா போன்ற எல்லை நகரங்களுக்கு அருகே பிரான்ஸ் பக்கம் தங்குபவர்களின் கைபேசியும் தானாகவே சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும். அங்கே வலையமைப்பைக் கையால் தேர்ந்தெடுப்பது நல்லது.

மற்றது இலங்கை. இலங்கையில் ரோமிங் டேட்டாவை எந்தப் பிரித்தானிய சிம்மிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே டயலொக், மொபிடெல் கடைகளில் பயணிகளுக்கான சிம் கிடைக்கிறது. அதை இரண்டாவது சிம்மாகப் போட்டு, பிரித்தானிய சிம்மின் டேட்டா ரோமிங்கை நிறுத்திவிட்டு, வங்கியின் குறுஞ்செய்திக் கடவுஎண்ணைப் பெறுவதற்கு மட்டும் அதை உயிரோடு வைத்துக்கொள்ளலாம். லெபாராவின் பல திட்டங்களில் வெளிநாட்டு அழைப்பு நிமிடங்களும் சேர்ந்து வருகின்றன. இந்தியா அந்தப் பட்டியலில் இருக்கிறது. இலங்கையில் வீட்டுத் தொலைபேசியை மட்டும் பயன்படுத்தும் முதியவர்களுக்குப் பேச வேண்டியவர்கள், தாங்கள் எடுக்கும் திட்டத்தின் நாட்டுப் பட்டியலையும், அதில் இல்லாத நாடுகளுக்கான நிமிடக் கட்டணத்தையும் முதலில் பார்க்க வேண்டும்.

வோடஃபோனுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முழுவதும் வீண் என்று நான் சொல்லவில்லை. அதற்கு நகரின் கடைத்தெருக்களில் கடைகள் இருக்கின்றன. சிம் தொலைந்துவிட்டால், கைபேசி இயங்காவிட்டால், நேரில் போய் ஒரு மனிதரிடம் பேசலாம். ஆங்கிலத்தில் தொலைபேசியில் பேசத் தயங்கும் முதியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். கைபேசியைத் தவணையில் வாங்கலாம். கைக்கடிகாரத்துக்கும் கைபேசிக்கும் ஒரே எண்ணை வைத்துக்கொள்ளும் ஒன்நம்பர் வசதி இருக்கிறது. மலிவுச் சேவைகள் பலவற்றில் இது கிடையாது. நெஞ்சுநோய் உள்ள தந்தைக்குக் கீழே விழுந்தால் தானாக அழைக்கும் கைக்கடிகாரத்தைக் கட்டிவிட்டிருக்கும் ஒரு குடும்பத்துக்கு, அவருடைய இணைப்பை வோடஃபோனிலேயே விட்டுவிடுங்கள், மற்ற மூன்றையும் மாற்றுங்கள் என்றே நான் சொன்னேன். வணிகம் நடத்துபவர்களும், கடைக்கு ஒரே பெயரில் பல இணைப்புகள் வைத்திருப்பவர்களும் பெரிய நிறுவனத்தோடு இருப்பதில் பொருள் உண்டு.

லெபாராவின் சேவை பெரும்பாலும் செயலியிலும் இணையத்திலும் நடப்பது. கணக்கைத் தாமே பார்த்து, திட்டத்தைத் தாமே மாற்றிக்கொள்ளத் தெரிந்தவருக்கு அதில் எந்தச் சிரமமும் இல்லை. கணக்கைப் பார்க்காதவர் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். திட்டம் தானாகப் புதுப்பிக்கப்படும்படி வங்கி அட்டையைப் பதிந்திருந்தால், அந்த அட்டை காலாவதியாகும் நாளில் திட்டமும் நின்றுவிடும். 03 என்று தொடங்கும் எண்கள் திட்டத்தின் நிமிடங்களுக்குள் அடங்கும், 0800 எண்கள் இலவசம். ஆனால் 084, 087 எண்களுக்கு இரண்டு நிறுவனங்களிலுமே தனிக் கட்டணம் உண்டு.

இந்த இரண்டின் எதிர்காலமும் இப்போது ஒரு பெரிய மாற்றத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. 2025 மே 31 அன்று வோடஃபோனும் த்ரீயும் ஒரே நிறுவனமாக இணைந்தன. இணைந்தபோது அதில் வோடஃபோனின் பங்கு 51 விழுக்காடு. பத்து ஆண்டுகளில் 1,100 கோடி பவுண்டு செலவிட்டு வலையமைப்பை மேம்படுத்துவதாக அவை உறுதியளித்திருக்கின்றன. சொந்தக் கோபுரம் வைத்திருக்கும் நிறுவனங்கள் நான்கிலிருந்து மூன்றாகக் குறையும்போது, மலிவுச் சேவைகளுக்கு மொத்த விலையை ஏற்றிவிடுவார்களோ என்ற அச்சம் நியாயமானது. போட்டி ஆணையம் 2024 டிசம்பரில் இணைப்புக்கு ஒப்புதல் தந்தபோது இதையும் எண்ணிப் பார்த்தது. முதல் மூன்று ஆண்டுகளுக்கு, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விலையிலும் விதிமுறைகளிலும் மலிவுச் சேவைகளுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று அது நிபந்தனை போட்டது. அந்த மூன்று ஆண்டுகள் முடிந்தபின் விலை எந்தப் பக்கம் போகும் என்பதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாண்டு ஒப்பந்தத்தைவிட முப்பது நாள் திட்டமே மேல் என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் தெருவில் வோடஃபோனுக்கே சிக்னல் சரியில்லை என்றால் லெபாராவுக்கு மாறுவதால் எந்தப் பயனும் இல்லை. ஆஃப்காமின் வரைபடத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டு, வலையமைப்புகளில் எது உங்கள் வீட்டுக்குள் நன்றாக வருகிறது என்று பாருங்கள். அது ஓ2 என்றால் கிஃப்காஃப் அல்லது டெஸ்கோ, த்ரீ என்றால் ஸ்மார்ட்டி, இஇ என்றால் அதன் கோபுரத்தில் ஓடும் ஸ்புசு என்று அந்தந்த மலிவுச் சேவையைத் தேடுங்கள். வரைபடம் கட்டடத்துக்கு உள்ளே நடப்பதைத் துல்லியமாகச் சொல்லாது. எனவே முதலில் ஒரு மாத சிம்மைப் பழைய எண்ணோடு இணைக்காமல் வாங்கி, படுக்கையறையிலும் சமையலறையிலும் வேலைக்குப் போகும் வழியிலும் சோதித்துப் பாருங்கள். இரட்டை சிம் கைபேசியோ இ-சிம் வசதியோ இருந்தால், பழைய சிம்மைக் கழற்றாமலே இதைச் செய்யலாம்.

திருப்தியாக இருந்தால் எண்ணை மாற்றுவது எளிது. பழைய இணைப்பிலிருந்து பிஏசி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை 65075க்கு அனுப்புங்கள். இந்த வழி 2019 ஜூலை முதல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. அதனால் பழைய நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, ஏன் போகிறீர்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு நிமிடத்துக்குள் வரும் குறியீடு முப்பது நாள் செல்லும். அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால், அடுத்த வேலைநாளுக்குள் எண் மாறிவிடும். பழைய இணைப்பு தானாகவே முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை மாலையில் குறியீட்டைக் கொடுத்தால் திங்கள் வரை காத்திருக்க நேரும் என்பதால், வாரத்தின் முதல் நாட்களில் செய்வது நல்லது. பழைய சிம்மில் மீதமிருக்கும் முன்பணத்தை மாற்றுவதற்கு முன்பே பயன்படுத்திவிடுங்கள்; குரலஞ்சலில் வைத்திருக்கும் பதிவுகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இவை இரண்டும் எண்ணோடு கூட வராது. எண் மாறும் அந்தச் சில மணி நேரத்தில் வங்கியின் குறுஞ்செய்தி தாமதமாகலாம். எனவே வீட்டு வாடகை அனுப்புவது போன்ற அவசரப் பணப் பரிமாற்றம் எதையும் அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.